உழவு இயந்திரத்தின் பின் இணைப்பு உயரத்தைச் சீர்செய்தல்

நெற்செய்கையாளருக்கும் மரக்கறிச் செய்கையாளருக்கும் உரிய குறிப்புகள்

நான்கு சில்லு உழவு இயந்திரம் ஒன்றே உழவும், மண்ணைத் தூளாக்கவும், சேறு கலக்கவும், பெட்டி இழுக்கவும் பயன்படுகின்றது. இவ்வாறு பல வேலைக்கும் உதவும் இயந்திரத்தில், வேலைக்கு வேலை மாறவேண்டிய பகுதி அதன் பின்புறத்தேயுள்ள இணைப்பாகும். கலப்பை அந்த இணைப்பிலேயே தொங்குகின்றது. இணைப்பு ஒரு பக்கம் தாழ்ந்திருப்பின் கலப்பையும் ஒரு பக்கம் தாழ்ந்தே உழும். முன்சாய்ந்திருப்பின் கலப்பையும் முன்சாய்ந்தே மண்ணிற் புகும். இயந்திரம் எத்துணை வலிமையுடையதாயினும் பின் இணைப்பின் உயரம் சீராக இல்லாவிடின் உழவு சீராகாது.

இன்று பெரும்பாலான கமக்காரர் வாடகை இயந்திரத்தைக் கொண்டே உழுவிக்கின்றனர். இயந்திரத்தைச் செலுத்துபவர் சாரதியாயினும், உழவின் நன்மை தீமைகளை அப்போகம் முழுவதும் அனுபவிப்பவர் நிலத்துக்குரியவரே. ஆதலால் இயந்திரம் சொந்தமாக இல்லாதவரும் இவ்விணைப்பின் அமைப்பை அறிந்திருத்தல் நன்று.

பின் இணைப்பின் அமைப்பு

இவ்விணைப்பு முப்புள்ளி இணைப்பு எனப்படும். கலப்பை மூன்று புள்ளிகளில் இயந்திரத்துடன் பொருத்தப்படுவதே இப்பெயருக்குக் காரணம். அதன் உறுப்புகள் வருமாறு:

1. கீழ்க் கைகள் இரண்டு. இவை கலப்பையை இழுக்கின்றன.
2. மேல் இணைப்புத் தண்டு ஒன்று. இதனைச் சாரதிமார் 'ரொப் லிங்' என்பர். இதன் நடுக்குழாயைத் திருப்பி நீளத்தைக் கூட்டவும் குறைக்கவும் கூடும்.
3. தூக்குத் தண்டுகள் இரண்டு. இவை கீழ்க் கைகளை மேலுள்ள தூக்கும் புயங்களுடன் இணைக்கின்றன. பெரும்பாலான இயந்திரங்களில் வலத் தூக்குத் தண்டுக்குச் சுழற்றுபிடி ஒன்று உண்டு. அதனைச் சுழற்ற அத்தண்டு நீளும் அல்லது குறுகும்.
4. பக்கச் சங்கிலிகள் இரண்டு. இவை கலப்பை பக்கவாட்டில் அளவுமீறி ஆடாது தடுக்கின்றன.
5. எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் தூக்கியும், அதனை ஆளும் கைநெம்பும்.

இந்த அமைப்பை உருவாக்கியவர் அயர்லாந்தில் 1884இல் பிறந்த ஹரி பேர்கசன் என்பவராவர். முற்காலத்து இயந்திரங்கள் கலப்பையைச் சங்கிலியாற் பிணைத்து இழுத்தன. கலப்பை கல்லிலோ வேரிலோ சிக்குமாயின் இயந்திரத்தின் முன்பக்கம் மேலெழும்பிப் பின்னே கவிழ்வதும் உண்டு. பேர்கசனின் அமைப்பில் கலப்பையும் இயந்திரமும் ஒரே உடல்போல் இணைகின்றன. கலப்பை முன்னோக்கிச் சாயமுயலும் வேளையில் மேல் இணைப்புத் தண்டு இயந்திரத்தை முன்னோக்கித் தள்ளுவதால் முன் சில்லுகள் நிலத்திற் பதிகின்றன. இவ்வமைப்புடைய இயந்திரங்கள் 1936இல் விற்பனைக்கு வந்தன. 1946இல் இங்கிலாந்தின் கொவென்றி நகரிற் செய்யப்படத் தொடங்கிய சிறிய சாம்பல்நிற இயந்திரத்தின் மூலம் அது பல நாடுகளுக்கும் பரவியது. இன்று ஏறத்தாழ எல்லா உழவு இயந்திரங்களிலும் இவ்வமைப்பே காணப்படுகின்றது.

உயரம் சீர்கெடுவதால் வரும் நட்டம்

நெல்வயலில்: நெல்வயலின் மேல்மண்ணுக்குக் கீழே, பெரும்பாலும் 15 முதல் 25 செ.மீ. ஆழத்தில், இறுகிய மண்படை ஒன்று உண்டு. பல போகங்களின் உழவாலும் மிதிப்பாலும் உண்டான இப்படையே நீர் கீழிறங்காது தாங்குகின்றது. கலப்பையின் ஒரு பக்கம் தாழ்ந்து இப்படையைக் கிழிக்குமாயின், கட்டிய நீர் அவ்வழியே கசிந்துபோகும். கிழிந்த படை மீண்டும் இறுகுவதற்குப் பல போகங்கள் செல்லலாம். அவ்விடத்தில் அடுத்துவரும் இயந்திரத்தின் சில்லும் புதையும்.

உழவின் ஆழம் ஏறியிறங்குவதால் வயலின் மட்டமும் கெடுகின்றது. மேடான இடத்தில் நீர் நில்லாமையாற் களை மலியும். பள்ளமான இடத்தில் நீர் மிகுந்து இளம் பயிர் அழுகும். மேட்டை நனைப்பதற்காக முழு வயலிலும் நீரை உயர்த்திக் கட்டவேண்டி நேரும். 1 ஏக்கர் வயலில் நீரை 1 செ.மீ. உயர்த்துவதற்கு ஏறத்தாழ 40,000 லீற்றர் நீர் வேண்டும். 5 செ.மீ. மேடொன்றை நனைப்பதற்கு 200,000 லீற்றர் வேண்டும். குளத்து நீர் முறைவைத்துப் பகிரப்படும் சிறுபோகத்தில் இது சிறிய இழப்பன்று.

மரக்கறித் தோட்டத்தில்: இங்கு நிலைமை மாறானது. நெல்லுக்கு நன்மை செய்யும் இறுகிய படை மரக்கறிக்குத் தீமையாகின்றது. கரட், முள்ளங்கி, பீற்றூட் முதலியவற்றின் கிழங்கு அப்படையில் முட்டிக் கிளைவிடும் அல்லது கோணலாகும். மிளகாய், கத்தரி முதலியவற்றின் வேர் ஆழம் செல்லாது. மழை நீரும் வடியாது தேங்கி வேரை அழுகச் செய்யும். சுழற்கலப்பையை ஆண்டாண்டாக ஒரே ஆழத்தில் ஓட்டுவதே தோட்டநிலத்தில் இப்படை உண்டாவதற்கு ஒரு முக்கிய காரணமாகும்.

ஆகவே உயரம் எவ்வளவு இருத்தல் வேண்டும் என்பதற்கு ஒரே விடை இல்லை. நெல்வயலில் இறுகிய படையைக் காக்கும் உயரமும், தோட்டநிலத்தில் அதனை உடைக்கும் உயரமும் வேறுவேறானவை. காலபோகத்தில் நெல்லும் சிறுபோகத்தில் மரக்கறியும் செய்யப்படும் வயலிற் படையை உடைத்தல் ஆகாது. அங்கு மேட்டுப்பாத்தி அமைத்தும் வடிகால் வெட்டியும் மரக்கறிக்கு வேண்டிய மண்ணாழத்தைப் பெறுதலே முறை.

படையின் ஆழத்தை அறிதல் எளிது. கூரிய இரும்புக் கம்பியொன்றை ஈரமான மண்ணிற் கையால் அழுத்துக. கம்பி இலகுவாக இறங்கித் திடீரெனத் தடைப்படும் இடமே படையின் மேற்பரப்பாகும். வயலின் நான்கு மூலையிலும் நடுவிலும் இவ்வாறு அளந்து குறித்துக்கொள்க.

சீர்செய்வதற்கு முன் பார்க்கவேண்டியவை

1. இயந்திரத்தைச் சீமெந்துத் தளம் போன்ற சமமான கடுந்தரையில் நிறுத்துக. வயலின் நடுவே நிறுத்திச் செய்யும் அளவு பிழையாகும்.

2. பின் சில்லுகள் இரண்டினதும் காற்றழுத்தம் ஒத்திருத்தல் வேண்டும். ஒரு ரயரிற் காற்றுக் குறைந்திருப்பின் இயந்திரம் அப்பக்கம் சாயும். அதன்பின் இணைப்பை எவ்வளவு திருத்தினும் பயனில்லை. அழுத்தத்தின் அளவை இயந்திரத்தின் கைநூலிற் காண்க.

3. இணைப்பு ஊசிகள் துளைக்குப் பொருத்தமான பருமனுடையனவா என்று பார்க்குக. சிறிய வகை இணைப்பிற் கீழ் ஊசி 22 மில்லிமீற்றரும் மேல் ஊசி 19 மில்லிமீற்றரும் விட்டமுடையன. அடுத்த பெரிய வகையிற் கீழ் ஊசி 28 மில்லிமீற்றரும் மேல் ஊசி 25 மில்லிமீற்றரும் விட்டமுடையன. பெரிய துளையிற் சிறிய ஊசியை இட்டால் கலப்பை ஆடும், துளையும் தேயும். ஊசிக்குப் பதிலாக ஆணி, கம்பித்துண்டு என்பவற்றை இடுதல் ஆபத்தாகும்.

4. தூக்கிய கலப்பையின் கீழ் எவரும் கையையோ உடலையோ செலுத்தலாகாது. எண்ணெய்க் குழாய் வெடித்தாலும், குழந்தையொன்று நெம்பைத் தொட்டாலும் கலப்பை கணத்தில் விழும். திருத்தவேண்டிய போது எஞ்சினை நிறுத்தி, கலப்பையின் கீழ் வலுவான மரக்குற்றிகளை அணைகொடுக்க.

சீர்செய்யும் முறை

முதலாவது: பக்க மட்டம். கலப்பையை நிலத்துக்குச் சற்று மேலே நிற்குமாறு இறக்குக. இரண்டு கீழ்க் கைகளின் நுனியும் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் உள்ளன என்று அளவுகோலால் அளக்க. இரண்டும் ஒத்திருத்தல் வேண்டும். வேறுபாடு இருப்பின் வலத் தூக்குத் தண்டின் சுழற்றுபிடியைத் திருப்பிச் சரிசெய்க. தண்டு குறுகினால் வலப்பக்கம் உயரும், நீண்டால் வலப்பக்கம் தாழும். கொக்கிக் கலப்பைக்கும் சுழற்கலப்பைக்கும் இவ்வாறு இருபக்கமும் ஒத்திருப்பதே சரி. ஏனெனில் இவற்றை ஓட்டும்போது இரு சில்லுகளும் ஒரே மட்டத்திற் செல்கின்றன.

தட்டுக் கலப்பைக்கு இம்முறை பொருந்தாது. முதற் சால் விழுந்த பின்னர் வலச் சில்லு சாலுக்குள்ளும் இடச் சில்லு உழாத நிலத்தின் மேலும் செல்லும். இயந்திரம் வலப்பக்கம் சாய்ந்தே ஓடும். கலப்பை நேராக நிற்கவேண்டுமாயின் வலத் தூக்குத் தண்டைக் குறுக்குதல் வேண்டும். எவ்வளவு குறுக்குவது என்பதைத் தளத்திலேயே அறியலாம். உழவேண்டிய ஆழம் 15 செ.மீ. ஆயின், 15 செ.மீ. உயரமான உறுதியான பலகைகளை இடப்பக்க முன், பின் சில்லுகள் இரண்டின் கீழும் வைத்து, அவற்றின் மேல் இயந்திரத்தை ஏற்றி நிறுத்துக. பின்னர் கலப்பையைத் தளத்தில் இறக்கி, அதன் சட்டம் மட்டமாகும்வரை சுழற்றுபிடியைத் திருப்புக. சட்டத்தின் மேல் நீர்மட்டக் கருவியை வைத்துப் பார்த்தல் திட்டமான வழி.

இரண்டாவது: முன்பின் மட்டம். இதனை மேல் இணைப்புத் தண்டு ஆளுகின்றது. தண்டைக் குறுக்கினாற் கலப்பையின் முன்பக்கம் தாழும். நீட்டினாற் பின்பக்கம் தாழும். கொக்கிக் கலப்பையில் முன்வரிசைக் கொக்கிகள் ஆழமாகவும் பின்வரிசை மேலோட்டமாகவும் உழுதால், தண்டு அளவுமீறிக் குறுகியுள்ளது என்பது கருத்து. அவ்வேளை எஞ்சின் வீணே திணறும், எரிபொருள் மிகுதியாகச் செலவாகும், கொக்கிகளும் வளையும். கலப்பை மண்ணிற் புகாது மேலே சறுக்கிச் செல்லின் தண்டு அளவுமீறி நீண்டுள்ளது எனலாம். நீளத்தை ஒருமுறைக்கு ஒரு சுற்று அல்லது இரண்டு சுற்றுக்கு மேல் மாற்றாது, மாற்றியபின் ஓட்டிப் பார்த்துத் தீர்மானிக்க.

சுழற்கலப்பைக்கு மேலும் ஒரு கவனம் வேண்டும். இயந்திரத்தின் வலுவெடுப்புத் தண்டும், சுழற்கலப்பையின் பற்சில்லுப் பெட்டியிலிருந்து முன்னே நீளும் தண்டும் வேலை செய்யும் உயரத்தில் ஒன்றற்கொன்று இணையாக இருத்தல் வேண்டும். அவ்வாறு இருப்பின் இடையேயுள்ள மூட்டுகள் அதிராது சுழலும். மேல் இணைப்புத் தண்டின் நீளத்தை மாற்றி இதனைச் சரிசெய்க. இத்தண்டு நிமிடத்துக்கு 540 முறை சுழலும். ஆதலாற் சுழலும்போது கலப்பையை உயரத் தூக்குதல் மூட்டுகளை முறிக்கும். வரம்பு ஓரத்திலே திரும்பும் பொழுது சுழற்சியை நிறுத்திவிட்டே தூக்குக. தண்டின் மேலுள்ள மூடுறையைக் கழற்றிவிட்டு ஓட்டுதல் ஆகாது. சாரத்தின் நுனி அகப்பட்டாற் கால் தப்புவதற்கு நேரம் இராது.

மூன்றாவது: பக்கச் சங்கிலிகள். கலப்பை இயந்திரத்தின் நடுக்கோட்டில் நிற்குமாறு இரண்டு சங்கிலிகளையும் ஒத்த நீளத்தில் வைக்குக. தட்டுக் கலப்பைக்குச் சங்கிலி சற்றுத் தளர்ந்திருத்தல் வேண்டும். சுழற்கலப்பைக்கு இறுக்கமாக இருத்தல் வேண்டும். தெருவிற் கொண்டுசெல்லும்போது எக்கலப்பையாயினும் ஆடாதவாறு இறுக்குக.

நான்காவது: ஆழம். மேற்கூறிய மூன்றும் சரியான பின்னரே கைநெம்பால் ஆழத்தைத் தீர்மானித்தல் முறை. பல இயந்திரங்களில் இரு நெம்புகள் உண்டு. ஒன்று கலப்பையை இயந்திரத்துக்கு ஒப்பாகக் குறித்த உயரத்தில் நிறுத்தும். மற்றது மண்ணின் இழுவைக்கேற்பக் கலப்பையைத் தானாகவே சிறிது உயர்த்தியும் தாழ்த்தியும் செல்லும். தட்டுக் கலப்பைக்கும் கொக்கிக் கலப்பைக்கும் பிந்தியது பொருந்தும். சுழற்கலப்பையின் ஆழத்தை அதன் இருபக்கச் சறுக்குத் தகடுகள் ஆளுகின்றன. இரு தகடுகளும் ஒரே துளையிற் பூட்டப்பட்டுள்ளனவா என்று பார்த்தல் வேண்டும். ஒரு பக்கம் ஒரு துளை மாறியிருத்தல் வயலிற் கோணல் விழுவதற்குப் போதுமானது.

சேற்றுழவிற் கொள்ளவேண்டிய கவனம்

தளத்திற் செய்த அளவு சேற்றில் அப்படியே நில்லாது. சேற்றிற் சில்லு புதைந்து இறுகிய படையின் மேல் நின்று ஓடுகின்றது. இயந்திரம் தாழும் அளவுக்குக் கலப்பையும் தாழும். உலர் உழவுக்கு வைத்த உயரத்தை மாற்றாது சேற்றில் இறக்கினால் கொக்கிகளும் கத்திகளும் படையைக் கிழிக்கும்.

இதற்கு எளிய விதி யாதெனில், சேற்றுழவிற் கத்தியின் நுனி ரயரின் அடிமட்டத்துக்குக் கீழே செல்லலாகாது என்பதாகும். சில்லு படையின் மேல் நிற்கின்றமையால் ரயரின் அடிமட்டமே படையின் மட்டமாகும். தளத்தில் நிறுத்தி, கத்தி நுனி தளத்தைத் தொடாது சற்று மேலே நிற்குமாறு சறுக்குத் தகடுகளை அமைத்துக்கொண்டால் படை காக்கப்படும். கூண்டுச் சில்லு பூட்டினாலும் கழற்றினாலும் இயந்திரம் புதையும் அளவு மாறும் ஆதலால், ஒவ்வொரு முறையும் உயரத்தை மீண்டும் பார்த்தல் வேண்டும்.

முதற் சுற்றிற் சோதித்தல்

இயந்திரம் 10 அல்லது 15 மீற்றர் தூரம் உழுதவுடன் நிறுத்துவிக்க. உழுத அகலத்தின் இடம், நடு, வலம் ஆகிய மூன்று இடங்களிற் புழுதியை விலக்கி, உழாத நிலத்தின் மேல்மட்டத்திலிருந்து ஆழத்தை அளவுகோலால் அளக்க. மூன்றும் 2 செ.மீ.க்கு மேல் வேறுபடாதிருப்பின் உழவைத் தொடரலாம். வேறுபடின் பக்க மட்டத்தைத் திருத்துக. இதற்குச் செல்லும் நேரம் சில நிமிடங்களே. வாடகைச் சாரதி அவசரப்படினும், இச்சோதனையை முன்கூட்டியே பேசி ஒப்புக்கொண்டால் மனத்தாங்கல் நேராது. உழுது முடிந்தபின் முறையிடுவதைவிட முதற் சாலில் நிறுத்திப் பார்ப்பதே இருவருக்கும் நன்மை.

உயிர் காக்கும் உயரம்

பின் இணைப்பின் உயரம் பயிருக்கு மட்டுமன்றி உயிருக்கும் உரியது. பாரம் எதனையும் இழுக்கும்போது அதனைப் பின் அச்சுக்குக் கீழேயுள்ள இழுவைச் சட்டத்திலேயே பூட்டுதல் வேண்டும். மேல் இணைப்புத் தண்டு பூட்டும் இடத்திலோ பின் அச்சிலோ சங்கிலியைக் கட்டி மரக்குற்றியை அல்லது புதைந்த வண்டியை இழுத்தால், இழுவை இயந்திரத்தின் முன்பக்கத்தை மேலே தூக்கும். இயந்திரம் நிமிர்ந்து பின்னே கவிழ்வதற்கு ஏறத்தாழ ஒன்றரை விநாடி போதும். சாரதி கிளச்சை மிதிக்க எண்ணுவதற்குள் அது முடிந்துவிடும்.

சேற்றிற் புதைந்த இயந்திரத்தை வெளியேற்றப் பின் சில்லுகளுக்குக் குறுக்கே மரக்குற்றியைக் கட்டி ஓட்டுதல் மிகவும் கொடியது. குற்றி மண்ணிற் பற்றிச் சில்லு சுழலாது நிற்க, சில்லைச் சுழற்றவேண்டிய வலு இயந்திரத்தின் உடலையே பின் அச்சைச் சுற்றிக் கிளப்பும். புதைந்தால் உடனே வேகத்தைக் குறைத்து நிறுத்துக. கலப்பையை இறக்கிக் கழற்றுக. சில்லுக்கு முன்னும் பின்னும் மண்ணை வெட்டி வழிசெய்து, முதலிற் பின்னோக்கி மெதுவாக எடுத்துப் பார்க்குக. வராவிடின் வேறோர் இயந்திரத்தால், தாழ்ந்த இழுவைச் சட்டத்திற் பூட்டிய நீண்ட சங்கிலி கொண்டு இழுப்பிக்க. சங்கிலியின் அருகே எவரும் நிற்கலாகாது.

பாரமான கலப்பையை உயர்த்திக்கொண்டு உயர்ந்த வரம்பை ஏறுதலும் முன்பக்கத்தை எழுப்பும். வரம்பை வெட்டித் தாழ்த்தி, நேர்குறுக்காக, குறைந்த கியரிற் கடக்குக. சில்லு மறைப்பின் மேலும் கலப்பையின் மேலும் பிள்ளைகளை ஏற்றுவது முற்றாக நீக்கவேண்டிய வழக்கம். கவிழ்வுக் காப்புச் சட்டம் உள்ள இயந்திரமாயின் இடுப்புப் பட்டியை எப்போதும் அணிக.

நினைவிற் கொள்ளவேண்டியவை

1. முதலிற் காற்றழுத்தம், பின்னர் பக்க மட்டம், அதன்பின் முன்பின் மட்டம், அடுத்துச் சங்கிலி, கடைசியாக ஆழம். இவ்வொழுங்கை மாற்றலாகாது.
2. தட்டுக் கலப்பைக்கு வலத் தூக்குத் தண்டு குறுகியிருத்தல் வேண்டும். மற்றவற்றுக்கு இருபக்கமும் ஒத்திருத்தல் வேண்டும்.
3. நெல்வயலின் இறுகிய படையைக் காக்க. மரக்கறித் தோட்டத்தில் ஆண்டுதோறும் ஒரே ஆழத்தில் உழாதிருக்க.
4. சேற்றிற் கத்தி நுனி ரயரின் அடிமட்டத்துக்குக் கீழே செல்லலாகாது.
5. முதற் சாலை அளந்த பின்னரே உழவைத் தொடர்க.
6. பாரத்தைப் பின் அச்சுக்குக் கீழேயே பூட்டுக.

உழவிற் கோணல் விழுந்த வயலைப் பலகையடித்து மட்டமாக்கலாம். ஆனால் கிழிந்த படையைப் பலகை மூடாது. சுழற்றுபிடியை இரண்டு சுற்றுத் திருப்பும் சிறு முயற்சி ஒரு போகத்தின் நீரையும் விளைவையும் காக்கவல்லது. இவ்விடயத்தில் ஐயம் உடையோர் தத்தம் பகுதியின் விவசாயப் போதனாசிரியரை நாடி, விதைப்புக் காலத்துக்கு முன்னரே இயந்திரத்தைக் காட்டி விளக்கம் பெறுக.